இரவல் ரிலே

கார் பானெட்டைத் திறக்க வேண்டுமென்றால் அதன்மேல் கட்டியிருந்த கல்யாண மாலையை அவிழ்த்தாக வேண்டும்.

மணப்பெண்ணின் அண்ணன் அமல்தாஸ் தயங்கினான். இடுக்கு வழியாகப் புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் அவனே அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பின் சீட்டில் ஆரோக்கிய ஜெனிபர் வெள்ளைப் பட்டில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருக்கிறார்கள். அடுத்து இன்னொரு ஜோடி வரிசையில் நிற்கிறது. பிந்தினால் அவர்களுக்குத்தான் முதல் பூசை.

மெக்கானிக் நவாஸ் அலட்டிக்கொள்ளவில்லை. ஏசியைப் போடச் சொன்னான். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து நேரே ஃபேனுக்குக் கொடுத்தான். ஜம்மென்று சுற்றியது.

அப்படியானால் ரிலேதான். ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி செத்துவிட்டது.

கடையில் வேறு இல்லை. சாமான் வாங்க மூலக்குளம் போயிருந்த மனைவி நசீராவுக்குப் போன் போட்டான். அப்படியே ஒரு ரிலேயும் வாங்கிவரச் சொன்னான்.

அதோடு விட்டிருக்கலாம். நசீராவைத் திட்டாமல் போனை வைத்தால் நவாஸுக்குச் சோறு இறங்காது.

கடைக்குக் கூப்பிடு தூரத்தில், வில்லியனூருக்கும் மூலக்குளத்துக்கும் போகிற வழியில் ஒரு வாய்க்கால் பாலம். ஒரு வண்டிதான் போகலாம். இரு பக்கமும் ஆளுயரக் கரும்பு. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள். எதிரிலிருந்து பதில் வந்தால் நிற்க வேண்டும், வராவிட்டால் போகலாம். ஊரே அப்படித்தான் போய்வருகிறது. நசீரா மட்டும் ஹாரனையும் அடித்துவிட்டு, ஸ்கூட்டியை விட்டு இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். கடைத்தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"பாலத்துல ஒரு தபா ஹாரன் அடி, பதில் வரலன்னா வந்துகினே இரு. பயந்தாங்கொள்ளியாட்டம் எறங்கி நின்னுகினு என் மானத்த வாங்காத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெனிபர் அழுதுகொண்டிருந்தாள். கண்மை கன்னத்தில் ஒழுகியது.

நவாஸுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் வித்தை காட்டும் ஆசையும் வந்தது. ஹாரனுக்கும் அதே அச்சில் ஒரு ரிலே உண்டு. அதைப் பிடுங்கி ஃபேன் இடத்தில் குத்தினான். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. ஜெனிபர் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகியபடியே நவாஸ் இரண்டு விஷயம் சொன்னான். ஏசியை அணைக்காதே, கண்ணாடியை இறக்காதே, அப்போதுதான் ஃபேன் நிற்காமல் ஓடும். திரும்பி வந்து புது ரிலே போடும்வரை ஹாரன் அடிக்காது.

"ஹாரன் இன்னாத்துக்கு பாய்? பூ கட்ன வண்டிக்கு எல்லாரும் வழி வுடுவாங்க."

அமல்தாஸ் மாலையைத் திரும்பக் கட்டினான், பாட்டைச் சத்தமாக வைத்தான், கண்ணாடியை ஏற்றினான், பறந்தான்.

இனி அவசரமில்லை என்று சொல்ல நவாஸ் நசீராவை மறுபடி கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் அதற்கும் திட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது கரும்புக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டி ஹாரன் கேட்டது. அவனே மாட்டிக் கொடுத்த ஹாரன், தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வான்.

ஒரு தடவைதான் அடித்தாள். பதில் ஒன்றும் வரவில்லை.

பரவாயில்லையே, இன்றைக்காவது சொன்ன பேச்சைக் கேட்டாளே என்று நவாஸ் சிரித்துக்கொண்டான்.

கை துடைக்கப் போனவன், உள்ளங்கையில் இருந்த செத்த ரிலேயைப் பார்த்தான். ஏன் பதில் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைப் போட்டுவிட்டு, அவள் பெயரைக் கத்திக்கொண்டே ரோட்டில் ஓடினான்.

மறுபடியும் அதே ஹாரன் கேட்டது. இந்த முறை விடாமல் அடித்தது.

நவாஸ் போய்ச் சேர்ந்து, நசுங்கிக் கிடந்த ஸ்கூட்டியின் ஹாரன் ஒயரைப் பிடுங்கும்வரை அது நிற்கவில்லை.