துத்தநாகம் இல்லாமல்

"துத்தநாகமே போடாம செஞ்சு பாத்தீங்களா?"

தேர்வாளர் டாக்டர் தோவார் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். மேடையில் நின்ற யுனுவெனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா எர்மெலிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொரேலியாவுக்குப் படிக்க வந்த நாளிலிருந்து மகள் அந்தத் துத்தநாகத்தோடுதான் மல்லுக்கட்டுகிறாள். அதைக் கார்பீன் என்ற ஏதோ ஒன்றோடு கோத்து ஒரு பொடி செய்வாள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் வேலை. ஆலைப் புகையில் வருகிற கரியமில வாயுவை அந்தப் பொடி உபயோகமான சரக்காக மாற்றிவிடுமாம். எர்மெலிந்தாவுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

இன்று டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. இப்போது போய், துத்தநாகம் இல்லாமல் செய்தாயா என்றால்?

"மாவே போடாம ரொட்டி சுட்டியான்னு கேக்கற மாதிரி இருக்கு," என்று கணவர் ஃபிதென்சியோவின் காதில் முணுமுணுத்தாள்.

"பரீட்சைன்னா அப்படித்தான். பேசாம இரு," என்றார் அவர்.

மகள் ஒருவழியாக வாயைத் திறந்தாள். "பாத்தேன் டாக்டர். வெறும் கார்பீன் மட்டும் போட்டப்போ பாதியில நின்னுடுச்சு."

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

சொன்னாள்.

"வெறும் துத்தநாகம்?"

"ஒண்ணுமே நடக்கல."

"ரெண்டும் சேந்தா?"

"முழுசா நடந்தது டாக்டர்."

"எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பின்னிணைப்புல, கடைசிப் பக்கம்."

"அதையும் சத்தமா சொல்லுங்க. இங்க உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கணும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிற வாத்தியார்கூட இவ்வளவு செய்யமாட்டார் என்று எர்மெலிந்தா நினைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, தேர்வாளர்களில் இன்னொருவரான டாக்டர் மெஹியா தங்கமான மனிதர். ஆரம்பத்திலிருந்து புன்னகை மாறவில்லை. படங்கள் அழகாக இருந்தன என்றார். இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார். தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். திரும்பக் கூப்பிட்டபோது யுனுவென் டாக்டராகியிருந்தாள்.

விருந்து கூடத்திலேயே நடந்தது. எர்மெலிந்தா விடியற்காலையில் எழுந்து அவித்த கொருந்தா என்ற சோளமாவுக் கொழுக்கட்டை, மேலே ஊற்ற மிளகாய்ச் சாறு, பாலேடு, பன்றிக் கறி. மெஹியாவின் தட்டு காலியாக அவள் விடவேயில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவரும் சாப்பிட்டார்.

தோவார் வரிசையில் வந்து தட்டை நீட்டினார்.

"தீந்துபோச்சு டாக்டர்," என்றாள் எர்மெலிந்தா. மூடி போட்ட அண்டாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவர் அண்டாவைப் பார்த்தார். தட்டை இருந்த இடத்தில் வைத்தார். "உங்க பொண்ணு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கா," என்றார்.

"அது எங்களுக்கே தெரியும்."

தலையை ஆட்டிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். எர்மெலிந்தாவுக்கு வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் யுனுவென் அரக்கப்பரக்க வந்தாள். "தோவார் எங்கேம்மா? சாப்பிட்டாரா?"

"அந்த ஆளுக்கு எதுக்குச் சோறு? நாலு பேர் முன்னாடி உன்னை அழவெச்சவரு."

"ஐயோ அம்மா. துத்தநாகம் இல்லாம செஞ்ச சோதனையைப் பத்திப் பேசவே நான் மறந்துட்டேன். பயத்துல அந்தப் படத்தைத் தாண்டிப் போயிட்டேன். அவரு என் ஆய்வேட்டைக் கடைசிப் பக்கம்வரைக்கும் படிச்சிருக்காரு. நான் செஞ்சிருக்கேன்னு அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"என் வாயால வரணும்னுதான். எல்லார் காதுலயும் விழுந்துட்டா, உள்ள போய் யாரும் அதை இல்லைன்னு சொல்ல முடியாதே. என் பேராசிரியை இப்பத்தான் சொன்னாங்க. வேலையைச் செஞ்சது துத்தநாகம்தாங்கறதுக்கு ஆதாரமே இல்ல, கையெழுத்துப் போடமாட்டேன்னு ஒருத்தர் காலையிலயே சொல்லிட்டாராம்."

எர்மெலிந்தாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "யாருடி அது?"

யுனுவென் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ பாத்துப் பாத்துப் பரிமாறினியேம்மா, அவருதான்."