மூன்றாமவன்

பிரமிளாவுக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். பெண்கள் இருவரும் பசி வந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள். கடைசியாகப் பிறந்த பையன் மட்டும் அழவே மாட்டான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். பார்க்க வந்தவர்களெல்லாம் "இவன்தான் சமர்த்து" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்று மதியம் பெண்களைத் தூங்கவைத்துவிட்டுக் கணவனிடம் கேட்டாள். "காலையில தம்பி நல்லாக் குடிச்சானா?"

"நீதானே அவனுக்குக் குடுத்தே?"

"நான் குடுக்கலீங்க."

இருவரும் தொட்டிலுக்கு ஓடினார்கள். குழந்தை துவண்டு கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள்; அசைவில்லை. பாலாடையால் புகட்டிய பால் கடைவாயில் வழிந்தது. "குடிடா சாமி, குடிடா" என்று கெஞ்சினாள். கணவன் ஆட்டோ பிடித்து வருவதற்குள், குழந்தையின் தொண்டை ஒரே ஒருமுறை ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் வீடு திரும்பிய பிறகு அவன் அமைதியாகக் கிடந்தாலே பிரமிளா தொட்டிலுக்கு ஓடினாள். ஒருநாள் அவள் அவனுடைய தொடையைக் கிள்ளுவதைப் பார்த்த நாத்தனார் பதறிப்போனாள். "பால் குடிச்சிட்டுத் தூங்குற புள்ளைய ஏன் அண்ணி கிள்ளுறீங்க?"

"அழட்டும். ஒரு தடவ அழட்டும்."

அவன் அழவில்லை. கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். பிரமிளா இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிள்ளினாள்.