கொடியில் கடைசிக் கட்டு

“மொதல்ல இஞ்ச இருந்தவங்க போன் நம்பர் குடுங்க. ஒரு வாட்டி பேசணும்.”

கேட்டேவிட்டாள்.

பஸ் ஏறியதிலிருந்து அம்மா படித்துப் படித்துச் சொன்னது அது ஒன்றைத்தான். வேற என்ன வேணும்னாலும் கேளு. அவனோட மொதல் பெண்டாட்டியப் பத்தி மட்டும் வாயத் தொறக்கப்பிடாது.

முன்னறையில் அம்மாவின் சாயா டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை பிரதீஷ் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

தரகர் சுயம்புதான் முதலில் சிரித்தார்.

“டிகிரி முடிச்ச பிள்ளையில்லியா. இண்டர்வியூ எடுக்கு.”

யாரும் கூடச் சிரிக்கவில்லை.

தன் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். போனபோது பெருமை. இப்போது அதையே குறையாக்கிவிட்டார்கள். படிச்சு வயசு ஏறிப்போச்சு, ரெண்டாங்கட்டுன்னாலும் பரவாயில்ல.

மாப்பிள்ளை வீட்டில் நகை வேண்டாம் என்றார்கள். சீர் வேண்டாம் என்றார்கள். கல்யாணம் மட்டும் சீக்கிரம் நடக்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு அது அதிர்ஷ்டம். அவளுக்கு அங்கேதான் இடித்தது.

பிரதீஷின் அம்மா எழுந்தாள். கோபத்தைக் காட்டவில்லை. அதுவும் பிடிக்கவில்லை அவளுக்கு.

“நம்பரெல்லாம் நம்மகிட்ட இல்ல மக்களே. அவ போயி ரெண்டு வருசம் கழிஞ்சு. வா, ஒனக்கு வீட்டுப் பின்பக்கத்தக் காட்டுறேன்.”

கையைப் பிடித்து அடுக்களை வழியாக அழைத்துப்போனாள். பிரதீஷும் பின்னாலேயே வந்தான். ஆளைத் தனியாக விடமாட்டார்கள் போல.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிணற்றடியில் ஒரு பலா. அடிமரம் தெரியாமல் மிளகுக் கொடி மூடிக் கிடந்தது. பச்சைச் சரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

“எல்லாம் இவன் அப்பா நட்டது. பழைய கொடி. அவளுக்கு இதுலல்லாம் மனசே கெடையாது. ஒரு செடிக்கு ஒரு சொட்டு தண்ணி ஊத்தினதில்ல. அவ போன பொறவு இஞ்ச பொம்பளன்னு நான் ஒருத்திதான். இனி நீ வந்துதான் புதுசா ஒரு கொடி நடணும்.”

அவள் மரத்தை ஒரு சுற்று வந்தாள்.

மறுபக்கம், பழைய இலைகளுக்கு நடுவில், ஒரு சின்னக் கொடி.

பென்சில் கனம்கூட இல்லை. தனியாக மண்ணிலிருந்து கிளம்பியிருந்தது. போன வருஷ மழைக்கு நட்டதாக இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் அதுவும் பழைய கொடியின் ஒரு கிளைதான். இந்த வீட்டில் யாரும் கிட்டே வந்து பார்த்ததில்லை போல.

அவள் வீட்டிலும் பலா உண்டு, கொடி உண்டு. கட்டுவது அவள் வேலை. கணுவில் வேர் விட்டு மரத்தைப் பிடிக்கிற வரைக்கும் இளங்கொடிக்கு நிற்கத் தெரியாது. துணியைக் கிழித்துக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரம் மறந்தால் போதும், நுனி சரிந்து தொங்கிவிடும்.

இது தொங்கவில்லை.

அடியிலிருந்து நுனிவரை கட்டு. எல்லாம் ஒரே துணி. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட நைட்டித் துணி. அடியில் இருந்தவை வெளுத்து, பாசி பிடித்துக் கிடந்தன. மேலே போகப் போக நிறம் கூடியது.

கடைசிக் கட்டு அவள் நெற்றி உயரத்தில். சாயம் கொஞ்சமும் போகவில்லை. அதற்கு மேல் இன்னும் விரியாத ஒரே ஒரு தளிர்.

தொட்டுப் பார்த்தாள். ஒரு விரல் நுழையும்படி தளர்த்திப் போட்ட முடிச்சு.

பிரதீஷின் அம்மா அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

“இது யாரு கெட்டினது?”

“எது?”

நடிப்பில்லை. நிஜமாகவே தெரியவில்லை. பிரதீஷின் அம்மா கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். துணியை அடையாளம் தெரிந்ததும் முகம் செத்துப்போனது.

“நான்தான் மக்களே.”

“வேலைக்கு வாற பொண்ணு” என்றான் பிரதீஷ்.

இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவளைப் பார்த்தார்கள்.

பிரதீஷ் எட்டி அந்தக் கடைசிக் கட்டைப் பிடித்து இழுத்தான். துணியோடு கொடியின் நுனியும் ஒடிந்து வந்தது.

“ஒரு கீறத் துணிக்குப் போயி…” என்றான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு மொட்டையாக நின்ற கொடியைப் பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனவள் போட்ட கட்டு ஒரு வாரம்கூடப் பழசில்லை. உண்மையில் எப்போது போனாள். தானாகப் போனாளா, போகச் சொன்னார்களா. அந்த நைட்டியின் மிச்சம் எங்கே.

கேட்க நிறைய இருந்தது. இவர்களிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அடுக்களை வழியாகத் திரும்பவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். செருப்பை மாட்டினாள்.

ஜன்னலுக்குள் சுயம்பு தேதி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எழும்பு. போவோம்.”

“பிள்ளே, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்லா” என்றார் சுயம்பு.

அவள் அதற்குள் கேட்டைத் திறந்திருந்தாள்.

பின்னால், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் உரசியது. யார் எழுந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.