ஒரே வார வைத்தியம்

மெத்தைக் கடைக்கு வந்த பெண்மணி தயங்கித் தயங்கித்தான் ரப்பர் ஷீட் கேட்டாள். "பையனுக்கு ஏழு வயசாகுது. இன்னும் படுக்கையை நனைக்கிறான்."

வியாபாரம் போனாலும் வைத்தியம் சொல்லாமல் விடமாட்டார் கடைக்காரர். "அதெல்லாம் எதுக்கும்மா? என் பொண்ணும் இப்படித்தான். நனைஞ்ச விரிப்பைத் தெருவே பாக்கட்டும்னு வாசல்ல காயப்போட்டேன். மானம் போனா தன்னால அடங்கும். ஒரே வாரம்தான், இப்ப நனைக்கறதே இல்ல."

போன் அடித்தது. மகளின் டீச்சர்.

"சார், உங்க பொண்ணு தினமும் வகுப்புல தூங்கி வழியறா. இன்னைக்கு பெஞ்சுலயே ஒண்ணுக்குப் போயிட்டா. பிள்ளைங்க எல்லாம் பாத்துட்டாங்க."

"வீட்டுல சரியாயிடுச்சே டீச்சர்."

"வீட்டுல அவ தூங்குறதே இல்லையாம். தூங்கினா நனைஞ்சிடும், அப்பா வாசல்ல போட்டுடுவாருன்னு விடிய விடிய உக்காந்திருக்காளாம்."

கடைக்காரர் போனை மெல்லக் கீழே வைத்தார்.

பெண்மணி எழுந்தாள். "நல்லவேளை சொன்னீங்க. இன்னைக்கே வாசல்ல கொடி கட்டிடறேன்."

அவளைக் கூப்பிட வாய் திறந்தார். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். கடையிலோ நாலு பேர் நின்றிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டார்.