கதவைத் தள்ளுண்ணே

ஜெயிலில் இருந்து வந்து ஒரு மாதம் ஆகியும், மூடிய கதவைக் கண்டால் அண்ணன் நின்றுவிடுவான். வேறு யாராவது திறக்க வேண்டும். உள்ளே இருந்த காலத்தில் எந்தக் கதவையும் அவனாகத் திறந்ததே இல்லை.

"நம்ம வீட்டு பாத்ரூம்தாண்ணே, தள்ளினா திறந்துக்கும்!" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஜெயிலில் கற்ற தச்சு வேலையை நம்பி, ஒரு மரப்பட்டறையில் வேலை கேட்கப் போனார்கள். மற்ற இடங்களில் விஷயம் தெரிந்ததுமே கைவிரித்துவிட்டார்கள்.

"முதலாளி ரூம் கதவைத் தட்டு, தள்ளு, உள்ளே போ. மரம் மாதிரி நின்னு காரியத்தைக் கெடுத்துடாதே. ஜெயில்னு மூச்சு விடக்கூடாது, ஆமா!" என்று தங்கச்சி சொல்லி அனுப்பினாள்.

தலையாட்டிவிட்டுப் போனவன், மூடிய கதவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தங்கச்சி தூரத்தில் இருந்து கண்ணை உருட்டினாள், கையால் தள்ளிக் காட்டினாள். ம்ஹூம்.

மேஸ்திரி ஓடிவந்தார். "யாருய்யா நீ? இங்க ஏன் நிக்கிற?"

தங்கச்சி பதறிக்கொண்டு வந்தாள். "அது வந்து சார், அண்ணனுக்குக் கூச்ச சுபாவம்..."

"அத விடும்மா. இந்தக் கதவ யாரு சாத்தினது? காத்துல சாத்திக்கிச்சா? ஐயோ, முதலாளி!" என்று பாய்ந்து திறந்தார்.

உள்ளே, கதவை ஒட்டி, முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அண்ணனும் முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலாளிதான் முதலில் சிரித்தார்.

"எத்தனை வருஷம் உள்ள இருந்தீங்க?"

"ஆறு, சார்."

"நான் எட்டு. வெளிய வந்து எவ்வளவோ காலமாச்சு, இந்தப் பழக்கம் மட்டும் விட்டுப் போகல. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. முதல் வேலையா இந்தக் கதவக் கழட்டிடுவோம்."