ஏழு நடை

அது 1965 சித்திரை. அருப்புக்கோட்டையிலிருந்து கிராமத்துக்கு மாற்றலாகி வந்திருந்த வெங்கடலட்சுமி டீச்சர், ஊரணியில் மூன்றாவது குடத்தை நிரப்பிக்கொண்டு கரையேறினாள். காலிக் குடத்தோடு இன்னமும் அங்கேயே நின்ற சோலையம்மாளைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது.

"காலையிலருந்து இங்க என்னத்த வேடிக்கை பாக்குற?"

"ஆள்காட்டிக் குருவிய, டீச்சரம்மா. வயித்தத் தண்ணியில நனைச்சுட்டு ஓடிப்போயி, வெயில்ல கெடக்குற முட்டைக்கு ஈரம் குடுக்குது. ஏழு நடை போயிட்டு வந்துருச்சு."

"குருவிக்கு இருக்குற அக்கறைகூட ஒனக்கு இல்லையே! வீட்டுல பிள்ளைக தண்ணிக்குத் தவிக்காதா?"

சோலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அது வயித்த முக்கலாம். நான் குடத்த முக்குனா ஊரணி தீட்டாயிருமாம்! ஒங்க தெருக்காரவுக யாராச்சும் மோந்து ஊத்துனாத்தான் எங்களுக்குத் தண்ணி. நீங்களுந்தான் மூணு நடை வந்துட்டீக!"