ஒரே இழுப்பு

"டிராயிங் மாஸ்டர், அது நட்டு. பென்சில் இல்ல. தடவிக் குடுத்தா வராது."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் காலையிலிருந்து ஆறாவது தடவையாக வாயைத் திறந்தார்.

மருமகன் காரின் சக்கரத்தருகே மறுபடியும் குனிந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற கை அது. இன்று ஸ்பானர் பிடித்திருந்தது. ஆக்சில் மாற்ற வேண்டும். புது ஆக்சில், புது நட்டு எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது. ஆனால் முன் சக்கரத்தின் நடுவில் இருந்த பழைய நட்டு துருவேறி, அசைவேனா என்றது.

"மெக்கானிக் நாளன்னிக்குத்தான் வருவாராம்," என்றாள் மனைவி, சக்கரம் சுற்றாமலிருக்கக் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி. "நாளைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பேசாம டாக்சி சொல்லிடலாமேங்க."

"நம்ம கார்லதான் கூட்டிட்டுப் போவேன்னு மாமாகிட்ட சொல்லிட்டேனே. நீ மிதி."

மாமனார் இந்த வீட்டுப் படி ஏறியே ஆறு வருஷம் ஆகிறது. மகள் தானாகப் பார்த்து முடிவு செய்த கல்யாணம் என்பதில் மனத்தாங்கல். கண் ஆபரேஷனைச் சாக்கு வைத்து நேற்றுத்தான் வந்தார். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிடவில்லை.

மருமகன் ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, அதன் மேலேயே ஏறி நின்றார். நட்டு அசையவில்லை. கால்தான் வழுக்கியது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"பஸ் டிப்போல முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவன் நான். கண்ணு மட்டும் சரியா இருந்தா அரை நிமிஷ வேலை," என்றார் மாமனார், மாடிக்கும் கேட்கிற மாதிரி.

மகளுக்குச் சுருக்கென்றது. "அப்பா, போதும்! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

மதியம் மருமகன் சாப்பிட்டுவிட்டு, முன் அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா பூனை மாதிரி வந்து நின்றார்.

"சத்தம் போடாம வந்து பிரேக்கை மிதி."

வெளியே போய்ச் சக்கரத்தின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு நட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதேப்பா..."

"நட்டுக்குக் கண்ணு எதுக்கு? விரல் போதும். இந்தா, நட்டோட விளிம்பை உள்ள தட்டிப் பூட்டியிருக்கான். அதை நிமித்தாம இழுத்தா யானை வந்தாலும் வராது."

சின்ன உளியை வைத்து டொக், டொக் என்று விளிம்பை நிமிர்த்தினார். சுற்றிலும் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு குழாயின் கடைசி நுனியைப் பிடித்து ஓர் அமுக்கு.

டக்!

"வந்துடுச்சு!" என்று கத்தப்போன மகளைக் கையைக் காட்டி அடக்கினார். நட்டை மறுபடியும் லேசாக முடுக்கிவிட்டார்.

"ஏம்ப்பா திருப்பி முடுக்குறீங்க?"

"அவர்தானே கழட்டணும்?"

"அப்போ காலைல பேசின பேச்செல்லாம்?"

"சீண்டினா ரோஷத்துல இழுப்பார்னு நெனச்சேன். டிப்போல அப்படித்தான் வேலை வாங்குவோம். வரல. அத்தனை பேர் பாக்குறப்ப நான் போய்க் கழட்டினா அவர் முகம் என்னத்துக்கு ஆகும்? நீ மூச்சு விடாதே."

நாலு மணிக்கு மருமகன் எழுந்து வந்தார். மாடியில் இப்போது மூன்று தலைகள்.

குழாயைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். "ஹும்ம்ம்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரே இழுப்பு. நட்டு சுழன்றது!

"அடடா!" மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "கையா அது, மாப்பிள்ளை!"

மாடியில் கை தட்டினார்கள். காருக்குள் பிரேக்கை மிதித்திருந்த மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். இருட்டுவதற்குள் புது ஆக்சில் ஏறி, புது நட்டும் இறுகிவிட்டது.

"விளிம்பைத் தட்டிப் பூட்டுங்க மாப்பிள்ளை... இன்னும் ஒரு தட்டு... போதும்."

குழாயடியில் கை கழுவும் கணவருக்குச் சோப்புத்தூள் போட்டபடி அவள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"ஒரே இழுப்புல வந்துடுச்சே, எப்படிங்க?"

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசு. மத்தியானம் உளி சத்தத்துலயே நான் முழிச்சுட்டேன். ஜன்னல் வழியா பாத்தா, மாமா எனக்காக மண்ணுல முட்டி போட்டு உக்காந்திருக்கார். அந்த நேரத்துல போய் எழுந்து வருவேனா? இழுத்துப் போத்திக்கிட்டு, நல்லாக் குறட்டை விட்டேன்!"